ராகேராவின் ஷூ யார் காலில்

ராகேராவுக்கு இதுவரை நான்கு ஜோடி பளுதூக்கும் ஷூ வாய்த்திருக்கிறது. நான்கும் எங்கள் ஊரான பேசியோவில்தான் இருக்கின்றன. அவள் காலில் இல்லை, அவ்வளவுதான். முதல் ஜோடி அவளுடைய சித்தப்பா மகனிடம் போனது. அவன் அதை மாட்டிக்கொண்டு பவளப்பாறைமேல் நின்று தூண்டில் போடுகிறான். இரண்டாவது ஜோடி எங்கள் போதகரிடம் இருக்கிறது. பளுதூக்கும் ஷூவுக்குக் குதிகால் உயரம், போதகர் குள்ளம். பிரசங்க மேடைக்குப் பின்னால் அவர் முகம் தெரிய ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை எது என்று சபையில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மூன்றாவது ஜோடியில் ஒரு கால் ஒரு வீட்டிலும் மறு கால் அடுத்த வீட்டிலுமாகக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான்காவது ஜோடி போன விதத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கிரிபாஸ் நாட்டில் சொந்தக்காரர் ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, 'புபுசி கேக்கறேன்' என்று சொல்லி ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொல்லலாம். சொன்ன பிறகு தலைநிமிர்ந்து சாலையில் நடக்க முடியாது. எங்கள் தரவா தீவில் இருப்பது ஒரே ஒரு சாலை. தலைகுனிந்து நடப்பவர்களுக்கென்று தனிச் சாலை கிடையாது. உடைமை என்றால் என்ன என்று தடித்தடியான புத்தகங்களில் வாதித்திருக்கிறார்கள். நானும் சிலதைப் படித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரு வரி விடை உண்டு: இன்னும் யாரும் கேட்காதது உன்னுடையது.

கெட்டிக்காரர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள். புதுச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்வார்கள். டார்ச் விளக்கு வாங்கினால் முதல் வேலையாக அதில் ஒரு கீறல் போடுவார்கள். ராகேராவுக்கு இந்தச் சாமர்த்தியம் எதுவும் வரவில்லை. யாராவது முற்றத்துக்குள் கால் வைத்தாலே, 'எதைக் கேட்க வந்திருக்கிறாரோ' என்று தானே வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணில் நல்லதாகப் பட்டதை எடுத்து முன்னால் வைத்துவிடுவாள். கேட்க வந்தவர் சில சமயம் பதறிப்போய், "நான் நெருப்புப்பெட்டிதான் கேக்க வந்தேன்" என்று சொன்னதும் உண்டு.

அவளைப் பளுதூக்கக் கொண்டுவந்தது யோதெபா. பேசியோவுக்கும் பைரிகிக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவன். மிச்ச நேரத்தில் எங்கள் பளுதூக்கும் சங்கத்தின் பயிற்சியாளன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், தோளுக்கு ஒன்றாக இரண்டு அரிசி மூட்டையோடு ஒரு பெண் அவன் பஸ்ஸில் ஏறினாள். கை இரண்டும் மூட்டையில் இருந்ததால் சில்லறையைப் பல்லில் கடித்திருந்தாள்.

"தலைமேல இன்னொரு மூட்டை வெக்கிறதுதானே?" என்றான் யோதெபா.

அவள் குனிந்து காசை அவன் மடியில் துப்பிவிட்டுச் சொன்னாள்: "வெச்சிருப்பேன். உங்க பஸ்ஸுக்குத்தான் கூரை பத்தாது, அண்ணே."

அன்று சாயங்காலமே அவளைக் கொட்டகைக்கு அழைத்துவந்துவிட்டான்.

கொட்டகை என்பது தகரக்கூரை, நான்கு தூண், சிமெண்டுத் தரை. கடல் பெருகும் நாட்களில் தரைமேல் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. இருபது கிலோ என்று எழுதியிருக்கும் தட்டு எங்களிடம் பத்தொன்பதரைதான் இருக்கும். மீதி அரைக் கிலோ துருவாக உதிர்ந்து போய்விட்டது. இது தெரியாமலே ராகேரா இரண்டு வருஷம் பழகினாள். முதன்முதலாக வெளிநாட்டுப் போட்டிக்குப் போனபோது கம்பியை முழங்கால்வரை தூக்கிவிட்டு, நடுவரைப் பார்த்து, "இது எங்க ஊரு இருபது இல்லையே" என்று எங்கள் மொழியில் சொன்னாளாம். நடுவர் அதை ஜெபம் என்று நினைத்து மரியாதையாகத் தலையை ஆட்டினாராம். மூன்று முறை முயன்று மூன்று முறையும் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாவது போட்டியில் எட்டாம் இடம். மூன்றாவதற்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது போதகர் வந்து ஷூவைக் கேட்டார். கோயிலுக்குப் போட்டுப்போகும் செருப்போடு மேடையேறி, வழுக்கி உட்கார்ந்தாள். நான்காவது போட்டியில் ஆறாம் இடம். மொத்தம் நூற்று எண்பத்தாறு கிலோ.

அந்த மொத்தத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பளுதூக்குவதில் இரண்டு விதம். ஒன்று, கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. இன்னொன்று, முதலில் தோளுக்கு ஏற்றி நிறுத்தி, பிறகு மேலே தள்ளுவது. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. இரண்டிலும் சிறந்ததைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் எண். ராகேராவுக்கு ஓர் எண்மேல் ஆசை. நூற்றுத் தொண்ணூறு. ஏன் அந்த எண் என்று கேட்டேன். "முழுசா இருக்கு, வாத்தியாரே. எண்பத்தாறுன்னா ஏதோ பாதியில எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு" என்றாள். மெடல் வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்பது பேரில் கடைசி என்றாலும் சரி, வெளிநாட்டுத் தட்டில், உதிராத இரும்பில், நூற்றுத் தொண்ணூறு. அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொல்லிவைத்திருந்தாள். வயது முப்பத்துமூன்று, முழங்கால் இரண்டும் மாடி இல்லாத ஊரில் இருப்பதற்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தன.

அந்த வருஷம் பசிபிக் தீவு நாடுகளின் போட்டிக்கு எங்கள் சங்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும் என்று கடிதம் வந்தது. சங்கத்தின் கடிதங்களை எழுதுவது நான். அதனால் தேர்வுப் போட்டியையும் நானே அறிவித்தேன்.

ராகேராவின் கணவன் ஜெர்மன் கப்பல் ஒன்றில் வேலை செய்கிறான். வருஷத்தில் பத்து மாதம் கடலில். அவன் அந்தமுறை ஹாம்பர்க்கிலிருந்து புது ஷூ அனுப்பியிருந்தான். சிவப்பு நிறம், குதிகாலில் கட்டை. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ராகேரா ஒரு சூழ்ச்சி செய்தாள். ஷூவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். கேட்க வருகிறவர்கள் அரிசியைக் கேட்டால் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை. தேர்வு நடந்த சனிக்கிழமை அவள் மேடையில் நடந்தபோது காலடியில் அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது.

"கல்யாணமா நடக்குது?" என்றாள் தெரீனா.

தெரீனா, ராகேராவின் அத்தை மகள். வயது பத்தொன்பது. நல்ல பலசாலிதான், ஆனால் கம்பியோடு சண்டை போடுவாளே தவிரச் சமாதானமாகப் போகமாட்டாள். அன்று அவள் தூக்கிய மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. ராகேரா நூற்று எண்பத்தேழு. வேறு யாரும் வரவில்லை. இருபத்தைந்து கிலோ வித்தியாசம். சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மீரே அத்தை ராகேரா வீட்டுக்கு வந்தாள். தெரீனாவின் அம்மா. இங்கே கேட்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. மீரே அத்தை கேட்டால் கொடுத்தவரே நன்றி சொல்லிவிட்டுப் போவார். நானும் யோதெபாவும் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அத்தை பாயில் உட்கார்ந்து, காற்றைப் பற்றிப் பேசினாள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதைப் பற்றிப் பேசினாள். ராகேரா எழுந்துபோய் அரிசி டின்னைத் திறந்து, சிவப்பு ஷூவைத் தட்டித் துடைத்து எடுத்துவந்து முன்னால் வைத்தாள்.

அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கெடக்கட்டும், கண்ணு. நான் புபுசி கேக்கறேன். போட்டிக்குப் போற இடத்த என் பொண்ணுக்குக் குடு."

யோதெபா கையிலிருந்த தேநீர் அவன் மடியில் கொட்டியது.

"என்ன அத்தை கேக்கறீங்க? அது நூத்தி எம்பத்தேழு கிலோ!" என்றான்.

"உன் கொட்டாய்ல துருப்புடிச்ச எம்பத்தேழு. எனக்குத் தெரியாதா? நீ பஸ்ஸ ஓட்டுப்பா." திரும்பி ராகேராவிடம் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு நாலு தடவ ஆச்சுடி. ஏரோப்ளேன்ல அவங்க குடுக்கற ரொட்டிகூட உனக்கு அலுத்திருக்கும். எம்பொண்ணு இன்னும் ஒரு மேகத்தக்கூட மேலேருந்து பாத்ததில்ல."

ராகேரா ஷூவின் நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். இல்லை என்ற சொல் அவள் வாயில் பழகாத சொல். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை என்று தோன்றியது. கடைசியில், "நாளைக்குச் சொல்றேன் அத்தை" என்றாள். அவளைப் பொறுத்தவரை அதுவே கலகம்.

யோதெபா நேராகப் பெரியவர்களிடம் ஓடினான். திங்கட்கிழமை சாயங்காலம் மனியாபாவில் கூட்டம். மனியாபா என்பது எங்கள் ஊர்ச் சபைக்கூடம். பெரிய கூரை, சுவர் கிடையாது. எந்தக் குடும்பம் எந்தத் தூணடியில் உட்கார வேண்டும் என்பது தாத்தாக்களின் தாத்தாக்கள் காலத்தில் முடிவானது. எல்லோரும் அவரவர் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும், பரானிகோ என்ற பெரியவர் தொண்டையைச் செருமினார். எங்களில் மிகவும் மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே ஞானி என்று பெயர் வாங்கியவர்.

"இடம்னா என்ன?" என்று ஆரம்பித்தார். "கையில புடிக்க முடியுமா? கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போக முடியுமா? புபுசின்னா ஒரு பொருளா இருக்கணும்."

மீரே அத்தை தன் தூணடியிலிருந்து கேட்டாள்: "போன வருஷம் எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து அவங்கப்பா கட்டுன பாட்ட புபுசி கேட்டீங்களே, பெரியவரே. அத எந்தக் கூடையில தூக்கிட்டுப் போனீங்க?"

கூடம் சிரித்தது. பரானிகோ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"பாட்டு வேற, மீரே. குடுத்தவனும் பாடலாம், வாங்குனவனும் பாடலாம். இதுல ஒருத்திதானே போக முடியும்?"

"பன்னியும் அப்படித்தான். ஒருத்தர்தான் திங்க முடியும். அத நீங்க கேக்கறதில்லையா?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "நாம உக்காந்திருக்கோமே, இந்தத் தூணடி, இத யாராவது கேக்க முடியுமா? இதுவும் இடந்தானே?" என்றார். நல்ல கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது தாத்தா குடுத்தது, கேக்க முடியாது" என்றாள் அத்தை. "அது சங்கம் குடுத்தது. சங்கத்துக்கு ஏது தாத்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சங்கத்துக்குத் தாத்தா உண்டு என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. ஒரு பொருள் எந்த இடத்தில் பொருளாவதை நிறுத்துகிறது என்று இதைவிடத் தெளிவாக வாதித்த புத்தகத்தை நான் படித்ததில்லை. புத்தகங்களைப் போலவே இதுவும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அந்த நேரம் முழுக்க ராகேரா பாயிலிருந்து ஒரு நாரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் பலத்துக்குப் பாய் கால்வாசி பிரிந்துவிட்டது.

"நான் குடுத்துட்டேன்" என்றாள் திடீரென்று. "அத்தை கேட்டுட்டாங்க. குடுத்துட்டேன். இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்க, மீன் கெட்டுப்போகும்."

யோதெபா தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டான். இதைப் பெருந்தன்மை என்று மறுநாள் பலர் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. கொடுக்காமல் இருக்கத் தெரியாதவர் கொடுப்பதைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்வது? மழை பெய்வதற்காக மேகத்தைப் பாராட்டுவதுபோல் இருக்கிறது.

ஆனால் புதன்கிழமை அவள் செய்ததற்கு என்னிடம் தயாரான விளக்கம் இல்லை. காலையில் குளித்து, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு, ஒரு புதுப் பாயும் ஒரு கட்டுப் புகையிலையும் எடுத்துக்கொண்டு மீரே அத்தை வீட்டுக்கு நடந்தாள். சாட்சிக்கு என்னையும் வரச் சொன்னாள். பாயையும் புகையிலையையும் பார்த்ததுமே அத்தைக்கு முகம் மாறிவிட்டது. அவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போவது ஒரே காரியத்துக்குத்தான்: பிள்ளை கேட்க.

இங்கே பிள்ளையையும் புபுசி கேட்டு வாங்கலாம். வழக்கமாக வயிற்றில் இருக்கும்போதே கேட்டுவிடுவார்கள். ராகேராவுக்குக் குழந்தை இல்லை. இரண்டு வீட்டுக்கு அவள் முன்பு இப்படிப் பாயோடு போயிருக்கிறாள். இரண்டு வீட்டிலும் வேறு யாரோ முந்திக்கொண்டு கேட்டிருந்தார்கள். எடை தூக்குவதில் இருக்கும் அவசரம் கேட்பதில் இல்லை என்று பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள்.

"புபுசி கேக்கறேன் அத்தை" என்றாள். "தெரீனாவ எனக்கு மகளா குடுங்க."

"அடிப்பாவி! அவளுக்குப் பத்தொம்பது வயசுடி!"

"பரவாயில்ல. பால் குடுக்கற செலவு மிச்சம்."

"ஒரு வேளைக்கு ஏழு மீன் திம்பா."

"நான் எட்டு திம்பேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த தெரீனா அப்படியே எழுந்து நின்றாள். "என்னை யாரும் ஒரு வார்த்த கேக்கமாட்டீங்களா?"

"தேங்காய கேட்டா துருவறோம்? நீ உக்காருடி" என்றாள் அத்தை, பழக்கதோஷத்தில். பிறகுதான், கொடுக்கச் சம்மதித்ததுபோல் பேசிவிட்டோம் என்று உறைத்தது போலிருக்கிறது. ஊரிலேயே நன்றாகக் கேட்கத் தெரிந்தவள், தன்னிடம் ஒருத்தி கேட்டதற்கு இல்லை என்று சொல்ல முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயை வாங்கிக்கொண்டாள். புகையிலையையும்.

திரும்பி வரும்போது நான் ராகேராவிடம் கேட்டேன்: "இத யோசிச்சுச் செஞ்சியா, ஆசப்பட்டுச் செஞ்சியா?"

"ரெண்டுந்தான், வாத்தியாரே. ஒரு கையால கம்பியத் தூக்க முடியுமா?"

அவள் யோசனை என்னவாக இருந்திருக்கும் என்று யோதெபா செய்தி கேட்டதுமே புரிந்துகொண்டு பஸ் ஹாரனை நீளமாக அடித்தான். மகள் ஆகிவிட்டாள், அம்மா சொன்னால் மகள் விட்டுக்கொடுப்பாள். அவனும் பிள்ளை வளர்த்தவன்தான். இருந்தும் இப்படி நம்பினான்.

தெரீனா ஒரு மூட்டைத் துணியோடு ராகேரா வீட்டுக்கு வந்தாள். முதல் நாளே விஷயத்தைத் தெளிவாக்கினாள்: "நாந்தான் போறேன். உம்பொண்ணுதானே போறா, சந்தோஷப்படு, அம்மா." அந்த 'அம்மா'வை அவள் சொன்ன விதத்தில் அரை மூட்டை உப்பு இருந்தது. ராகேரா துணி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். வேண்டும் என்று கேட்கவும் அவளுக்குத் தெரியாது. பிள்ளையைக் கேட்டதோடு அவளுடைய கேட்கும் பலம் தீர்ந்துவிட்டது.

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய பெயர்க் கடிதத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒன்பது நாள் இருந்தது. இருவரும் தினமும் சேர்ந்தே கொட்டகைக்கு வந்தார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. யார் கலயத்தைக் கழுவவில்லை, யார் பாயைச் சுருட்டவில்லை. போகப்போவதில்லை என்று ஆன பிறகும் ராகேரா தூக்குவதை நிறுத்தவில்லை. தினமும் நூற்றைந்தைத் தோளுக்கு ஏற்றி, மேலே தள்ளி, இறக்கிவைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். தெரீனா அதே கம்பியைப் பிடித்து இழுப்பாள். முழங்காலைத் தாண்டாது. கம்பியை உதைப்பாள். கால் வீங்கும். யோதெபா பஸ்ஸில் ஏற்றிவிடுகிற குரலில், "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு!" என்று கத்துவான். அது அவனுடைய ஒரே பயிற்சிமுறை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தெரீனாவின் பெயரை எழுதலாமா என்று உட்கார்ந்திருந்தபோது தெரீனாவே வந்தாள். உட்காரவில்லை.

"பேர மாத்துங்க, வாத்தியாரே."

"ஏன்?"

"தூங்க முடியல. அவ தூக்கத்துல நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூறுன்னு பொலம்பறா. அதுவும் மொள்ளமா இல்ல. கோழியெல்லாம் முழிச்சுக்குது. இந்தக் கூத்த இன்னும் எத்தன வருஷம் நான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறது? அவ போய் அத தூக்கிப் போட்டுட்டு வந்து நிம்மதியாத் தூங்கட்டும். நானும் தூங்கறேன்."

இதற்குள் செய்தி எப்படிப் போனதோ, மீரே அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏண்டி, ஊரக் கூட்டி வாங்கிக்குடுத்தேனே, அத வாத்தியாரு மேசைல வந்து கொட்டறியா?"

தெரீனா தன்னைப் பெற்றவளை நிதானமாகப் பார்த்தாள். "நீ என்னன்னு கேட்ட? 'எம்பொண்ணுக்குக் குடு'ன்னு கேட்ட. நான் இப்ப உம்பொண்ணு இல்ல. அவ பொண்ணு. பாய நீதானே வாங்குன?"

அத்தை நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தாள். வாதத்தில் தோற்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் தன் நாக்கே தன்னைத் தோற்கடிப்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் பெருமையும் வந்துவிடுகிறது. "எங்கிட்டதாண்டி கத்துக்கிட்ட" என்றாள். நான் ராகேராவின் பெயரை எழுதினேன்.

போட்டி நடந்த நாள் மனியாபாவில் ஐம்பது பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒலிபெருக்கியில் எங்கள் நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் உள்ளபடி எழுத்துக்கூட்டி, 'கிரிபாட்டி' என்று வாசித்தார்கள். "அது எந்த நாடு?" என்று பரானிகோ கேட்டார். ராகேரா சிவப்பு ஷூவில் நடந்து வந்தாள். எதிர்பார்த்தபடியே அரிசி உதிர்ந்தது. ஒரு பையன் ஓடிவந்து துடைப்பத்தால் கூட்டினான். கூடத்தில் சிரித்துச் சிரித்துப் பலருக்குக் கண்ணீர்.

முதல் விதத்தில் எண்பத்திரண்டு, எண்பத்துநாலு; எண்பத்தாறு கீழே விழுந்தது. இரண்டாவதில் நூற்றிரண்டு. பிறகு நூற்றாறைக் கேட்டாள். யோதெபா அவளோடு போயிருந்தான், கணக்கு அவனுடையது. எண்பத்துநாலோடு நூற்றாறு சேர்ந்தால் நூற்றுத் தொண்ணூறு. தூக்கினாள், முழங்கை மடங்கியது என்று நடுவர்கள் சிவப்பு விளக்குப் போட்டார்கள். கடைசி வாய்ப்பு. மறுபடியும் நூற்றாறு. கம்பி தரையை விட்டு வந்தது, தோளில் ஏறியது. அவள் நிமிர்ந்தாள், மூச்சை இழுத்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஊர் சிக்னல். கன்னம் உப்பி, கண் பாதி மூடி, நூற்றாறு கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ராகேரா செல்போனுக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"எறக்கி வைடி, வலிக்கும்!" என்று மீரே அத்தை செல்போனைப் பார்த்துக் கத்தினாள்.

தெரீனா செல்போனைப் பிடுங்கிக்கொண்டு கடலோரம் ஓடி, ஒரு படகின்மேல் ஏறி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். படம் திரும்பி வந்தபோது மேடையில் வேறு நாட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் அதே செல்போனில் யோதெபாவின் குரல் வந்தது. அழுகிறானா, ஹாரன் அடிக்கிறானா என்று பிரித்தறிய முடியவில்லை. நூற்றுத் தொண்ணூறு என்பது மட்டும் புரிந்தது.

ஒன்பது பேரில் ஏழாம் இடம். எங்கள் வானொலி அதை வெற்றி என்று சொன்னது. நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏழு ஏழுதான். ஆனால் ஒரு மனுஷி தான் ஆசைப்பட்ட எண்ணை, யாரிடமும் கேட்காமல், தரையிலிருந்து எடுத்தாள் என்று சொல்வேன். அது எங்கள் ஊரில் அபூர்வம்.

அடுத்த வாரம் பொன்ரிகி விமான நிலையத்துக்கு இரண்டு மினிபஸ் நிறையப் போனோம். பூமாலை, பாட்டு, வருகிறவர் கழுத்தில் தூவ பவுடர். தெரீனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "தூக்கிப் போட்டாச்சா?" என்றாள். "போட்டாச்சு" என்றாள் ராகேரா. "இனிமே ராத்திரில வாய மூடிக்கிட்டுத் தூங்கு" என்றாள். இதுதான் அவர்கள் பேசிய மொத்தப் பேச்சு.

மாலையெல்லாம் போட்டு முடிந்ததும் மீரே அத்தை மெல்ல முன்னால் வந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். விமானத்தின் சத்தத்தைப் பற்றிப் பேசினாள். "நான் புபுசி கேக்கறேன், கண்ணு. அந்தச் செவப்பு ஷூ. நீதான் இனிமே தூக்கப்போறதில்லையே. கோயிலுக்குப் போட்டுக்கறேன், போதகர் மட்டும் உசரமா நிக்கணுமா?"

ராகேரா வழக்கம்போல உடனே, தெரீனா இறக்கி வைத்திருந்த பைக்குக் குனிந்தாள். திறந்தாள். துண்டை எடுத்தாள், சட்டையை எடுத்தாள், யோதெபாவுக்குச் சேர வேண்டிய சோப்பை எடுத்தாள். பை காலியானது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

தெரீனா பத்தடி தள்ளி, நாடா கட்டாத சிவப்பு ஷூவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை மடக்கி, ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டி, "அரிசி குத்துது" என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாள். இங்கே யாரும் யாரிடமும் அப்படிச் செய்வதில்லை, சொந்தப் பிள்ளைகளைத் தவிர.

ராகேரா வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அத்தை பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக, கேட்டவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"எங்கிட்ட இல்ல, அத்தை."